ஹாங் சாங்-சூ படங்களும் டிஸ்க்குகளும்: எதை வாங்கலாம், எதை விடலாம்?

#1 மூன்றாம்வரிசை

வணக்கம். இத்தனை நாள் ஓரமாக நின்று படித்துக்கொண்டிருந்தவன். இப்போது காசு சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் வாயைத் திறக்கிறேன்.

கொரிய இயக்குநர் ஹாங் சாங்-சூவிடம் மாட்டிக்கொண்டு நாலு வருஷம் ஆகிறது. முதலில் பார்த்தது "ரைட் நவ், ராங் தென்". 2015-ல் லொகார்னோ திரைப்பட விழாவில் தங்கச் சிறுத்தை வாங்கிய படம். தன் படத்தின் திரையிடலுக்காக சுவோன் நகருக்கு வரும் இயக்குநர் ஒருவர், தேதி குழம்பி ஒரு நாள் முன்னாலேயே வந்துவிடுகிறார். பழைய அரண்மனையில் ஓர் ஓவியப் பெண்ணைப் பார்க்கிறார். காபி, அவள் ஓவியம் வரையும் இடம், சூஷி கடை, சோஜு என்கிற கொரியச் சாராயம். ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்து, திடீரென்று மறுபடியும் தலைப்பு வருகிறது. அதே அரண்மனை, அதே ஆள். ஏதோ கோளாறு என்று நினைத்து நான் ரிமோட்டைத் தேடினேன். கோளாறு இல்லை. அதே நாளைத்தான் இன்னொரு முறை எடுத்திருக்கிறார். முதல் பாதியில் அவள் ஓவியத்தை வாய்க்கு வந்தபடி புகழ்பவர், இரண்டாவதில் மனதில் பட்டதைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்கிறார்.

அன்றைக்கு ஆரம்பித்த பைத்தியம், அலமாரியில் இப்போது பதினோரு டிஸ்க். 2025 பெர்லினில் வந்ததோடு மனிதர் 33 படம் எடுத்துவிட்டார். 2017-ல் மட்டும் மூன்று. நான் ஒன்று வாங்கி முடிப்பதற்குள் அவர் இரண்டு எடுத்துவிடுகிறார். எது கட்டாயம் வைத்திருக்க வேண்டியது, எதை ஆன்லைனில் பார்த்தால் போதும்? ரீஜன் (எந்த நாட்டு பிளேயரில் ஓடும் என்கிற பூட்டு), சப்டைட்டில் அனுபவங்களையும் சொல்லுங்கள்.

#2 வில்லிவாக்கம்49

வாங்க தம்பி. இந்தக் கிணற்றில் விழுந்தவர்கள் இங்கே நாலைந்து பேர் உண்டு.

எங்கள் காலத்தில் கொரியப் படம் என்றால் பர்மா பஜார்தான். ஐம்பது ரூபாய்க்கு பிளாஸ்டிக் உறையில் ஒரு டிவிடி. அங்கே கொரியா என்றால் இயக்குநர் கிம் கி-டுக், கிம் கி-டுக், மறுபடியும் கிம் கி-டுக். 2013-ல் அவர் திருவனந்தபுரம் விழாவுக்கு வந்தபோது கூட்டம் மொய்த்ததே, அந்த அளவுக்கு மவுசு. ஹாங்கைக் கேட்டால் கடைக்காரர் "அதுல ஃபைட் இருக்கா சார்?" என்பார். ஃபைட் இல்லை, நாலு பேர் உட்கார்ந்து குடிப்பார்கள் என்று சொல்ல நமக்கே கூச்சமாக இருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டிவிடிக்கு இந்தியா ரீஜன் 5, கொரியா 3, அமெரிக்கா 1. இது பெரிய தலைவலி இல்லை. நம் ஊர் டிவிடி பிளேயர்கள் பலவற்றை ரிமோட்டிலேயே நாலு பட்டன் தட்டித் திறந்துவிடலாம். ப்ளூ-ரேதான் வில்லன். நாம் சி. அமெரிக்கா, கொரியா, ஜப்பான் மூன்றும் ஏ. ஐரோப்பா பி. இங்கே வாங்கிய ப்ளூ-ரே பிளேயரில் பூட்டு போட்ட ஏ டிஸ்க்கைப் போட்டால், மரியாதையாக ஒரு செய்தி காட்டிவிட்டுத் துப்பிவிடும். எல்லா டிஸ்க்கிலும் பூட்டு இருக்காது. ஆனால் அட்டையைப் பார்த்து நம்ப முடியாது, கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கட்டாயம் வேண்டியது என்று கேட்டால் "தி டே ஹி அரைவ்ஸ்", 2011. கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

#3 அக்கரைச்சீமை

சிங்கப்பூரிலிருந்து. இங்கே ப்ளூ-ரே ரீஜன் ஏ என்பதை நிறைய பேர் கவனிப்பதில்லை. மலேசியாவும் அப்படித்தான். இங்கிருந்து ஊருக்கு வருகிற மச்சானோ மாமாவோ இருந்தால் ஒரு பழைய பிளேயரை எடுத்து வரச் சொல்லுங்கள். அமெரிக்க, கொரிய டிஸ்க் இரண்டும் ஓடும். நான் அப்படித்தான் காரைக்குடியில் அப்பாவுக்கு ஒன்று வைத்துக் கொடுத்தேன். அவர் அதில் சிவாஜி படம் பார்க்கிறார் என்பது வேறு கதை.

#4 ஒரகடம்_துபாஷி

நான் சினிமா ஆள் இல்லை. ஒரகடம் பக்கம் கொரியர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் வேலை, ஒன்பது வருஷமாக. ஹாங் படங்களை முதலில் பார்த்ததே பேச்சு பழகத்தான். சீரியல்களில் பேசுவது போல யாரும் ஆபீஸில் பேசுவதில்லை. இவர் படத்தில் பேசுவது போலத்தான் பேசுகிறார்கள்: இழுத்து, தயங்கி, சொன்னதையே திரும்பச் சொல்லி.

சப்டைட்டில் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கொரிய மொழியில் மரியாதை வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. "யோ" என்று முடிந்தால் அது நம் "ங்க" மாதிரி. இவர் படத்தில் இரண்டு பேர் குடிக்க உட்கார்ந்ததும் நான் வாலை மட்டும் கேட்பேன். முதல் பாட்டிலில் எல்லா வாக்கியமும் "யோ". இரண்டாவது பாட்டிலில் பெரியவர் பக்கம் "யோ" உதிர ஆரம்பிக்கும். சின்னவர் தெரியாமல் ஒரு தடவை விட்டுவிடுவார், உடனே பிடித்துக்கொள்வார். பெரிய மனசு இருந்தால் சின்னவரே "மல் நோஉசேயோ" என்பார். அப்படியே சொன்னால் "பேச்சைக் கீழே வையுங்கள்", அதாவது என்னை நீங்க போட வேண்டாம், நீ என்றே கூப்பிடுங்கள். ஆங்கில சப்டைட்டிலில் இது முழுக்க "யூ". சண்டை ஏன் வந்தது என்றே புரியாது. நமக்கோ நீங்க நீ ஆகிற நிமிஷம் எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதனால்தான் எனக்கு "ஹில் ஆஃப் ஃபிரீடம்" ரொம்பப் பிடிக்கும். 2014, 66 நிமிஷம். தான் நேசிக்கும் கொரியப் பெண்ணைத் தேடி சியோலுக்கு வரும் ஜப்பான்காரராக ரியோ காசே. அவருக்குக் கொரிய மொழி வராது, எல்லோரும் ஓட்டை இங்கிலீஷில் பேசுகிறார்கள். "யோ"வும் இல்லை, பெயரோடு ஒட்டும் மரியாதைச் சொல்லான "னிம்"மும் இல்லை. எல்லோருக்கும் ஒரே உயரம்.

#5 பூனைக்காரி

துபாஷி, அருமை. ஆனால் யாரும் சொல்லாததை நான் சொல்லிவிடுகிறேன்.

இந்த ஆள் படங்களின் முதல் பதினைந்து வருஷத்தைத் தொடர்ந்து பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. கல்யாணமான இயக்குநர் அல்லது பேராசிரியர், எதிரே இளம் மாணவி, நடுவில் பச்சைப் பாட்டில். குடித்துவிட்டு அழுவார், "நீ ரொம்ப அழகு" என்பார், காலையில் காணாமல் போவார். இயக்குநர் அவர்களைக் கிண்டல்தான் செய்கிறார் என்பது புரிகிறது. கிண்டலையும் எத்தனை தடவை கேட்பது?

நான் காசு கொடுத்து வைத்திருப்பது "தி வுமன் ஹூ ரான்" ஒன்றுதான். 2020 பெர்லினில் சிறந்த இயக்குநருக்கான வெள்ளிக் கரடி. நடிகை கிம் மின்-ஹீ மூன்று தோழிகளைப் பார்க்கப் போகிறாள், அவ்வளவுதான் கதை. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் கதவைத் தட்டி, "தெருப் பூனைகளுக்குச் சோறு வைக்காதீர்கள், என் மனைவிக்குப் பயம்" என்கிறார். வீட்டிலிருக்கும் பெண்கள் சிரித்த முகத்தோடு, குரலை ஏற்றாமல், ஓர் அங்குலம்கூட விட்டுக்கொடுக்காமல் பேசுகிறார்கள். அந்த ஆளின் முதுகுதான் நமக்குத் தெரிகிறது. பேச்சு முடிந்ததும் கேமரா மெதுவாகப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பூனை மேல் ஜூம் போகிறது. அதற்கு எந்தக் கவலையும் இல்லை. எங்கள் அபார்ட்மெண்ட் சங்கக் கூட்டத்தில் நான் இதே சண்டையைப் போட்டிருக்கிறேன், இதே விஷயத்துக்கு. எனக்குத்தான் அந்தப் பொறுமை வரவில்லை.

#6 மூன்றாம்வரிசை

பூனைக்காரி அக்கா, மறுக்க மாட்டேன். "ரைட் நவ்" படத்தில் இரண்டு பாதிக்கும் வித்தியாசமே அந்த ஆள் கல்யாணமானதை மறைக்கிறானா சொல்கிறானா என்பதுதான். சொன்ன பிறகும் அவன் ஒன்றும் யோக்கியனாகிவிடவில்லை.

வில்லிவாக்கம் அண்ணன் பேச்சைக் கேட்டு நேற்றே ராத்திரியோடு ராத்திரியாக ஆர்டர் போட்டுவிட்டேன். வரட்டும்.

#7 கண்ணாடிக்காரன்

"இன் வாட்டர்" வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? 2023, 61 நிமிஷம், ஜேஜு தீவில் எடுத்தது. படம் கிட்டத்தட்ட முழுக்க ஃபோகஸ் இல்லாமல் இருக்கும். தெரியாமல் இல்லை, வேண்டுமென்றே.

இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டுதான் உட்கார்ந்தேன். இருந்தும் முதல் ஐந்து நிமிஷத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அப்புறம் டிவியைத் துடைத்தேன். என் மனைவி வந்து பார்த்துவிட்டு "டிஸ்க் போயிடுச்சா?" என்றாள். இல்லை, இதுதான் படம் என்றேன். "இதுக்கா வெளிநாட்டிலேருந்து வரவழைச்சீங்க?" பதில் இல்லை.

வேடிக்கை என்னவென்றால் சப்டைட்டில் மட்டும் கத்தி மாதிரி கூர்மை. மங்கலான கடல், மங்கலான மூன்று பேர், கீழே பளிச்சென்று எழுத்து. கண் அங்கேயே ஓடுகிறது. இரண்டாவது தடவை சப்டைட்டிலை அணைத்துவிட்டுப் பார்த்தேன். ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் முகம் தெரியாதபோது ஆள் நிற்கிற நிலையே போதுமாக இருக்கிறது. யார் சோர்ந்திருக்கிறார், யார் கோபமாக இருக்கிறார் என்று தோளிலேயே தெரிகிறது. கடைசியில் அந்த இளைஞன் கடலுக்குள் நடந்து போகும்போது எந்த இடத்தில் ஆள் முடிந்து தண்ணீர் ஆரம்பிக்கிறது என்று சொல்ல முடியவில்லை. அந்த ஒன்றுக்காக டிஸ்க் காசு செரித்துவிட்டது.

#8 நடுநிலைவாதி

மன்னிக்கவும், எனக்கு இது சுத்தமாகப் புரியவில்லை. மனிதர் ஒரே படத்தை 33 தடவை எடுத்திருக்கிறார். கேமராவை ஓர் இடத்தில் வைத்துவிட்டு, நடிகர்களைக் குடிக்க வைத்து, நடுவில் ஒரு ஜூம். இதை என் கல்லூரிப் பையன்கள் செய்தால் திட்டுவோம், கொரியர் செய்தால் கலை. அதுவும் மங்கலான படத்துக்கு ப்ளூ-ரே!

#9 வில்லிவாக்கம்49

நடுநிலை, உங்கள் கேள்வி நியாயம்தான், திட்டமாட்டேன். எங்கள் தெருமுனை டீக்கடையில் முப்பது வருஷமாக அதே நாலு பேர் அதே பேச்சைப் பேசுகிறார்கள். புதிதாக வருகிறவருக்கு அது ஒரே பேச்சு. உட்கார்ந்து பழகியவருக்கு, இன்றைக்கு ஒருத்தர் வழக்கமான இடத்தில் சிரிக்கவில்லை என்றால் வீட்டில் என்னமோ ஆகிவிட்டது என்று தெரியும்.

"தி டே ஹி அரைவ்ஸ்" படத்தில் அதுதான். படம் எடுப்பதை விட்டுவிட்டு வெளியூரில் பாடம் நடத்தப் போய்விட்ட இயக்குநர் சியோலுக்கு வருகிறார், புக்சோன் பகுதியில் நண்பரோடு சுற்றுகிறார். "நாவல்" என்று பெயர் வைத்த ஒரு பார். அங்கே திரும்பத் திரும்பப் போகிறார்கள். ஒவ்வொரு தடவையும் கடைக்காரப் பெண் அங்கே இல்லை, கொஞ்ச நேரம் கழித்துத்தான் வருகிறாள். ஒவ்வொரு தடவையும் முதல் தடவை போலவே அறிமுகம். அடுத்தடுத்த நாட்களா, ஒரே நாள்தானா என்று கடைசிவரை பிடி கிடைக்காது. கருப்பு வெள்ளை. ராத்திரி பனி கொட்டும்.

டிஸ்க் ஏன் என்பதற்கும் பதில் அந்தப் பனியில் இருக்கிறது. இதே படத்தை ஒரு தடவை ஆன்லைனில் பார்த்தேன். அசையாத காட்சிகளில் வித்தியாசமே இல்லை. பனி விழ ஆரம்பித்ததும் படம் சதுரம் சதுரமாக உடைந்தது. ஆயிரம் வெள்ளைப் புள்ளி ஒவ்வொன்றும் ஒரு பக்கம் நகர்ந்தால் குறைந்த பிட்ரேட் தாங்காது. டிஸ்க்கில் பனி பனியாக விழுகிறது.

இன்னொன்று: ஜூம் ஆரம்பத்திலிருந்து இல்லை. 1996-ல் வந்த முதல் படத்தைப் பார்த்தால் வேறு யாரோ எடுத்தது போல, கட்டுக்கோப்பாக, கொஞ்சம் கொடூரமாக இருக்கும். 2005-ல் "டேல் ஆஃப் சினிமா"விலிருந்துதான் ஜூம். அதையும் "வுமன் இஸ் தி ஃபியூச்சர் ஆஃப் மேன்" படத்தையும் சேர்த்து பிரிட்டனின் ஆரோ அகாடமி 2018-ல் ஒரே ப்ளூ-ரே பெட்டியாகப் போட்டது. ஒன்றில் ஜூம் கிடையாது, அடுத்ததில் உண்டு. அடுத்தடுத்துப் பார்த்தால் ஓர் ஆள் தன் கையெழுத்தைக் கண்டுபிடிப்பதைப் பார்க்கலாம்.

#10 யாழ்_டொரன்டோ

வில்லிவாக்கம் அண்ணை சொன்னதோட ஒண்டு சேர்க்கிறன்.

இங்கே அமெரிக்க வெளியீடுகள்தான் கிடைக்கிறது. பத்து வருஷமாக அங்கே பெரும்பாலும் சினிமா கில்ட்தான் இவர் படங்களை விடாமல் வெளியிடுகிறது. "ரைட் நவ்" மட்டும் கிராஸ்ஹாப்பர் ஃபிலிம். பிரெஞ்சு நடிகை இசபெல் ஹூப்பேர் நடித்த "இன் அனதர் கன்ட்ரி" கினோ லோர்பர். பழையதுகளை நியூயார்க்கர் ஃபிலிம்ஸ் டிவிடியாகப் போட்டது. அது 2009-ல் கடையை மூடினபோது கையில் இருந்ததெல்லாம் அரிதாகிவிட்டது. பிறகு வேறு கையில் திரும்பி வந்தாலும் பழைய டிஸ்க்குகளுக்கு இப்ப பழைய விலை இல்லை.

பிரான்சில் இவருக்கு நல்ல மதிப்பு, டிஸ்க்குகளும் நிறைய. ஆனால் அவசரப்பட வேண்டாம். பெரும்பாலும் பிரெஞ்சு சப்டைட்டில் மட்டும்தான். டிவிடி எண்டால் இன்னொரு சிக்கலும் உண்டு: ஐரோப்பாவின் PAL என்கிற வீடியோ முறையில் நொடிக்கு 25 ஃபிரேம், படம் எடுத்தது 24. நூறு நிமிஷப் படம் 96-ல் முடிஞ்சிடும். நாலு நிமிஷம் எங்கேயும் வெட்டவில்லை, எல்லாரும் கொஞ்சம் கெதியாப் பேசுகிறார்கள், குரலும் அரை இழை ஏறிக் கேட்கும். துபாஷி சொன்ன அந்தத் தயக்கம்தான் இந்தப் படங்களின் உயிர். அதை வேகமாக ஓட்டினால் என்ன மிச்சம்?

#11 ஒரகடம்_துபாஷி

டொரன்டோக்காரரே, சரியாகச் சொன்னீர்கள். மூச்சு வாங்குகிற இடம் முக்கியம்.

நடுநிலைக்கு ஒரு வார்த்தை. குடிக்க வைத்து விட்டால் நடிகர்கள் இஷ்டத்துக்குப் பேசுகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. இவர் அன்றைக்கு எடுக்க வேண்டிய காட்சியை அன்று காலையில் எழுதுகிறார். நடிகர்கள் கொஞ்ச நேரத்தில் அத்தனையையும் மனப்பாடம் செய்து, வெட்டில்லாத நீண்ட ஷாட்டில் அப்படியே பேச வேண்டும். "இன்ட்ரொடக்ஷன்" படத்திலிருந்து கேமராவும் அவரே. எடிட்டிங், இசை எல்லாம் வீட்டுச் சமையல். அதனால் வெளிச்சம் ஜன்னலில் வெளுத்துப்போகும், படம் சில சமயம் கைபேசியில் எடுத்தது போல இருக்கும். 4கே வரவில்லையே என்று ஏங்க வேண்டியதில்லை. கேமராவில் இல்லாதது டிஸ்க்கில் எங்கிருந்து வரும்?

கடைசியாகப் பார்த்தது "எ டிராவலர்ஸ் நீட்ஸ்", 2024. ஹூப்பேர் சியோலில் பிரெஞ்சு சொல்லித்தருகிறார், பாடப் புத்தகம் கிடையாது. மாணவரிடம் மனசில் என்ன ஓடுகிறது என்று தோண்டித் தோண்டிக் கேட்டு, அதைப் பிரெஞ்சில் ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்து, படித்துக்கொண்டே இரு என்கிறார். சாயங்காலம் மக்கொல்லி என்கிற அரிசிக் கள் குடிக்கிறார். ஒன்பது வருஷமாக மொழி வியாபாரத்தில் இருக்கிறேன், எனக்கு இந்த முறை தோன்றவில்லை.

அப்புறம் யாராவது "அம்மா அப்பா கொரிய மொழியிலும் அதேதான்" என்று ஆரம்பிப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்: தெரியும். தினமும் இரண்டு பேர் சொல்கிறார்கள்.

#12 நடுநிலைவாதி

சரி, சரி. பனி விழுகிற படத்தை மட்டும் பார்க்கிறேன். பிடிக்கவில்லை என்றால் இங்கேயே வந்து திட்டுவேன்.

#13 மூன்றாம்வரிசை

பார்சல் வந்துவிட்டது. ஒரு நல்ல செய்தி, இரண்டு கெட்ட செய்தி.

வாங்கியதும் ஆட்டிப் பார்த்தேன், உள்ளே கடகடவென்று சத்தம். அப்போதே வயிற்றைக் கலக்கியது. பிரித்தால், பெட்டியின் நடுவில் டிஸ்க்கைப் பிடித்துக்கொள்ளும் பற்கள் உடைந்து தூள். கடல் தாண்டி வந்த அத்தனை தூரமும் டிஸ்க் உள்ளே சுற்றிக்கொண்டே வந்திருக்கிறது. அடிப்பக்கம் முடி மாதிரி இரண்டு கீறல். போட்டுப் பார்த்தேன், நல்லவேளை, ஓடுகிறது. அதுதான் நல்ல செய்தி.

இரண்டாவது கெட்ட செய்தி: ஓடியது "தி டே ஆஃப்டர்". அண்ணன் சொன்னது "தி டே ஹி அரைவ்ஸ்". ராத்திரி தூக்கக் கலக்கத்தில் "டே" என்று இருப்பதைப் பார்த்து பட்டனை அமுக்கியிருக்கிறேன். இரண்டும் கருப்பு வெள்ளை வேறு. "தி டே ஆஃப்டர்" என்னிடம் ஏற்கெனவே இருக்கிறது. இப்போது இரண்டு.

#14 வில்லிவாக்கம்49

சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது தம்பி. இவர் ரசிகனாக ஆனதற்கு அத்தாட்சி வந்துவிட்டது. என்னிடம் "அவர் சன்ஹி" (Our Sunhi) படம் இரண்டு இருக்கிறது, காரணம் கேட்காதீர்கள்.

#15 பூனைக்காரி

"தி டே ஆஃப்டர்" என்பது பதிப்பகக்காரனின் மனைவி ஆள் மாறிப்போய், அன்றுதான் வேலைக்குச் சேர்ந்த பெண்ணை ஆபீஸிலேயே அறைகிற படம்தானே? கிம் மின்-ஹீ கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாளே. அந்த மூன்று பேரில் ஒழுங்காக யோசிக்கிற ஒரே ஆள் அவள்தான். கீறல் விழுந்ததை எனக்குக் கொடுங்கள். பதிலுக்கு என் "தி வுமன் ஹூ ரான்" டிஸ்க்கை ஒரு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். கடன்தான், தானம் இல்லை.

#16 மூன்றாம்வரிசை

அக்கா, நாளைக்கே கூரியரில் போடுகிறேன். முகவரியைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள்.

#17 பூனைக்காரி

அனுப்பிவிட்டேன். அந்த உடைந்த பெட்டியிலேயே வைத்து அனுப்பிவிடாதீர்கள். டிஸ்க்கைத் தனியாகத் துணி உறையில் போட்டு, இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டுங்கள். பெட்டி வேண்டாம், அட்டைப் படத்தை மட்டும் மடிக்காமல் வையுங்கள்.